இரண்டு வெற்றிடங்கள்

இன்று காலை யாப்புப் பாடக் குறிப்புக்காக ஒரு குறள் வெண்பாவை, எளிய குறியீடுகளால் உரையை வடிவமைக்கும் முறையான மார்க்டவுனில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் நான்கு சீரும் மூன்று சீருமாக இரண்டடியில் நின்ற பா, வலப்பக்க முன்னோட்டத்தில் ஏழு சீரும் சேர்ந்து ஒரே வரியாகிவிட்டது.

ஒற்றை என்டரை மார்க்டவுன் வரிமுறிவாகக் கொள்வதில்லை. முதலடியின் இறுதியில் இரண்டு வெற்றிடங்கள் விட வேண்டும்.

விட்டேன்.

எழுதும் பக்கத்தில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை; முன்னோட்டத்தில் மட்டும் ஈற்றடி சட்டென்று கீழிறங்கி நின்றது.

2004-இல் ஜான் குரூபர் மார்க்டவுனை வெளியிட்டபோது, மூல உரையே அப்படியே வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டார். அந்த எளிமைக்குள் கண்ணுக்கே தெரியாத குறியீடு ஒன்று ஒளிந்திருப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே படுகிறது.

முன்னோட்டத்தை மூடிவிட்டு எழுதும் துணிவு இன்னும் வரவில்லை.