கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எண்ணெய்

16 வருடமாக ஒரு மருத்துவமனையில் ஸ்டோர் கீப்பர் நான். அதிகம் சொன்ன சொல் 'இல்லை'. சில நாள் நிஜமாகவே சரக்கு இருக்காது. பல நாள் இருக்கும். இன்டென்ட், அதாவது வார்டிலிருந்து சரக்கு கேட்டு எழுதித் தரும் சீட்டு, அதைப் போடும் நேரம் முடிந்திருக்கும், இல்லையென்றால் கடைசிப் பெட்டியாக இருக்கும். கடைசிப் பெட்டியை எடுத்துக் கொடுக்க எந்த ஸ்டோர் கீப்பருக்கும் மனசு வராது.

ஒரு சாயங்காலம் வார்டு அக்கா ஒருவர் கையுறை கேட்டு வந்தார். "இல்லக்கா, காலையில வாங்க" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ரேக்கில் இரண்டு பெட்டி. அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அங்கே நின்றிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் மறுநாள் இரண்டு பக்க ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க வேலையைப் பத்தித்தான் தம்பி, படிங்க."

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசினோவில் மடம் நடத்திய புனித பெனடிக்ட், அதாவது நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் ஆசீர்வாதப்பர், துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் பக்கங்கள் அவை. நூலில் மொத்தம் 73 அதிகாரம். 31-ஆவது முழுக்க மடத்தின் ஸ்டோர் கீப்பருக்கு! மடத்துச் சாமான்களைப் பலிபீடத்துப் புனிதப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டுமாம். நியாயமில்லாமல் கேட்பவரையும் இளக்காரம் செய்யாமல், பணிவாகக் காரணம் சொல்லி மறுக்க வேண்டுமாம். கொடுக்கப் பொருள் இல்லையா, நல்ல வார்த்தையாவது கொடு என்கிறார். அடுத்த அதிகாரத்தில் கருவிகளுக்குப் பட்டியல் வைக்கச் சொல்கிறார். ஆக, ஸ்டாக் ரிஜிஸ்டர் தெரிந்த மனிதர்தான்.

அதனால்தான் திருத்தந்தை கிரகோரி அவரைப் பற்றி எழுதிவைத்த ஒரு கதை என்னை அதிகம் உறுத்தியது. இத்தாலியின் கம்பானியா பகுதியில் பஞ்சம். மடத்தில் மிச்சமிருந்தது கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் எண்ணெய். கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னார் பெனடிக்ட். பண்டகம் பார்த்தவர் கொடுக்கவில்லை. கொடுத்தால் நம் சகோதரர்களுக்கு ஒன்றும் இருக்காது என்றார். கோபம் வந்த பெனடிக்ட், குப்பியை ஜன்னல் வழியே எறியச் சொன்னார். பாறையில் விழுந்தும் உடையவில்லையாம். அதையே எடுத்து, கேட்டவருக்குக் கொடுத்தார்கள். பிறகு பெனடிக்ட் ஜெபிக்க, காலி ஜாடியில் எண்ணெய் பொங்கியதாம்.

பொங்கிய ஜாடியை விடுங்கள். என் மனசு அந்தப் பண்டகக்காரர் பக்கம்தான் போனது. அவர் திருடவில்லை, தனக்கென்று பதுக்கவில்லை. இருப்பைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். நானும் அதையேதான் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரிடம் கேட்டபோது, கொடுக்கவில்லை, காரணம் இது என்று நேராகச் சொன்னார். நான் ரேக்கை முதுகால் மறைத்துக்கொண்டு 'இல்லை' என்றேன்.

பிறகொரு நாள் அதே அக்கா, அதே நேரம் தாண்டி வந்தார். "ரெண்டு பெட்டிதான்கா இருக்கு. ஒண்ணு ஐசியூவுக்கு வேணும். ஒண்ணு எடுத்துக்கோங்க, காலையில இன்டென்ட் போட்டுடுங்க" என்றேன்.

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"என்ன தம்பி, நாளைக்கு ஆடிட்டா?"