பதுளை ரயிலுக்கு யார் காவல்?

பதுளையில் புறப்பட்டுக் கொழும்புக் கோட்டைக்குப் போகும் ரயில் ஊவா, மத்திய, சப்ரகமுவ, வடமேல், மேல் என ஐந்து மாகாணங்களைக் கடக்கிறது. ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரத்தை ஓடி முடிக்க அதற்கு ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல் ஆகிறது. அதற்குள் அது எத்தனை பொலிஸ் பிரிவுகளுக்குள் நுழைந்து வெளியேறுகிறது என்று பயணிகள் எவரும் எண்ணுவதில்லை. பெட்டிக்குள் ஏதாவது நடந்துவிட்ட பிறகுதான் அந்தக் கணக்குத் தேவைப்படுகிறது.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு அது தேவைப்பட்டது. கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர், தீபாவளிக்கு முந்திய நெரிசலில் இரவு ரயிலில் ஊருக்கு வந்தபோது, சம்பளமும் போனஸும் அடையாள அட்டையும் இருந்த கைப்பையைப் பறிகொடுத்தார். இறங்கிய ஊரின் பொலிஸ் நிலையத்தில் சம்பவம் எங்கே நடந்தது என்று கேட்டார்கள். ரயிலில் என்றார். ரயில் அப்போது எங்கே இருந்தது என்று கேட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவரிடம் அதற்கு என்ன விடை இருக்கும்? களவு நடந்த இடத்துக்குரிய நிலையத்தில்தான் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பண்டிகைக்கு வந்தவர் எந்த ஊரைத் தேடிப் போவார்? பணத்தை விட்டுவிட்டு, அடையாள அட்டைக்கு மட்டும் கிராம சேவகரிடம் அலைந்தார்.

ரயிலில் பாதுகாப்பை யார் தர வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இந்த அலைச்சலிலிருந்துதான் பிறக்கிறது. ரயிலோடு பயணிப்பவரே ரயிலைக் காக்க வேண்டும். அவர் ரயில்வேத் திணைக்களத்தின் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும். பொலிஸாரின் வேலை விசாரணை. இராணுவத்துக்கு அன்றாட ரயிலில் வேலையில்லை.

திணைக்களத்துக்குச் சொந்தமாக ஒரு பாதுகாப்புப் பிரிவு இல்லாமல் இல்லை. பெரிய நிலையங்களில் அதன் சீருடையைக் காணலாம். ஆனால் நாவலப்பிட்டிக்கு மேலே, இரவு நேரத்து மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அந்தச் சீருடையை நான் கண்டது அரிது. அங்கே பயணிக்குக் கண்ணில் படும் அதிகாரம் என்றால் பயணச்சீட்டுப் பரிசோதகர்தான், அவரும் வந்தால். கார்ட் ஒருவர் இருக்கிறார், உண்மை. ஆனால் கொடி, விளக்கு, பொதி, நேரக்குறிப்பு என்று அவருக்கே வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பண்டிகைக் கூட்டத்தில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அவரால் நகரவும் முடியாது.

இராணுவம் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1996 ஜூலை 24 அன்று தெகிவளையில் மாலை நேர ரயிலில் விடுதலைப் புலிகள் வைத்த குண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரண மக்கள் அவர்கள். 2008 பெப்ரவரி 3 அன்று கோட்டை நிலையத்திலேயே குண்டு வெடித்தது, இறந்தவர்களில் பாடசாலை மாணவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் சோதனை தேவையில்லை என்று வாதிட எவருக்கும் முகம் இராது. ஆனாலும் அந்தச் சோதனைகளில் தமிழ்ப் பெயரும் தோட்டத்து முகவரியும் உள்ள அடையாள அட்டையை நீட்டியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை மலையகத்தில் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. வேலை தேடிக் கொழும்புக்குப் போன பையன், தான் யார் என்பதை நிரூபிக்கும் வரை சந்தேக நபராகவே நின்றான். பயணியைக் காப்பது ஒரு வேலை, பயணியிடமிருந்து ரயிலைக் காப்பது வேறொரு வேலை. துப்பாக்கியோடு வருபவர் பயிற்சியாலேயே இரண்டாவதைத்தான் செய்வார். அவரிடம் போய், பக்கத்தில் நிற்பவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறானில்லை என்று பத்தொன்பது வயதுப் பிள்ளை முறையிடுவாள் என்று எதிர்பார்ப்பது வீண்.

போர் இல்லாத நாட்டிலும் இந்தச் சபலம் இருக்கிறது. 2024 மார்ச்சில் நியூயோர்க் மாநில ஆளுநர், சுரங்க ரயில் நிலையங்களில் பைகளைச் சோதிப்பதற்காகத் தேசியக் காவற்படையினர் 750 பேரை நிறுத்தினார். வாசலில் நிற்கும் படைவீரர் நிலையத்துக்குள் நுழையும் பையைப் பார்க்கலாம், ஓடும் பெட்டிக்குள் நடப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? எங்கள் பாதையிலோ வாசல் என்று ஒன்றைக் காட்டுவதே கடினம். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கும் பட்டிப்பொலையில் மேடையின் இரு முனைகளும் திறந்தே கிடக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குத் தண்டவாளத்தின் மேலேயே நடக்கிறார்கள். விமான நிலையத்துச் சோதனை முறையை இங்கே கொண்டுவர நினைப்பவர் மலைப்பாதையில் பயணித்தவராக இருக்க முடியாது.

தனியார் காவல் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுக்கலாம் என்ற யோசனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொழும்பில் கடை வாசலிலும் வங்கி வாசலிலும் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும் செக்யூரிட்டிகளில் எங்கள் தோட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அவர்கள் வாங்கும் சம்பளமும் அவர்களுக்குக் கிடைக்காத பயிற்சியும் எங்களுக்குத் தெரியும். ஆளைப் பிடித்து வைக்க அவர்களுக்குச் சாதாரணக் குடிமகனுக்குள்ள அதிகாரத்தைத் தவிர வேறொன்றுமில்லை. குறைந்த கேள்விப்பத்திரத்துக்குக் கிடைக்கும் காவல் குறைந்த காவலாகத்தான் இருக்கும்.

பக்கத்து நாட்டின் அனுபவம் இதைவிடப் பயனுள்ளது. இந்தியாவில் மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் முதல் நோக்கம் ரயில்வேச் சொத்தைக் காப்பது, பயணிகளின் பாதுகாப்பு பின்னர் சேர்ந்தது. ஆனால் ரயிலில் நடக்கும் கொலை, களவு போன்ற குற்றங்களைப் பதிவு செய்து விசாரிப்பது மாநிலங்களின் ரயில்வே பொலிஸ். தமிழ்நாட்டில் அதை இருப்புப்பாதைக் காவல் என்கிறார்கள். 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்து மேடையில் இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கமரா ஒன்றுகூட இருக்கவில்லை. இருப்புப்பாதைக் காவலர் தொடங்கிய விசாரணை சில நாட்களுக்குள் நகரக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. உயர் நீதிமன்றமும் தலையிட வேண்டியிருந்தது. இரண்டு படைகள் இருந்தும் மேடையில் அந்த நேரத்தில் ஒருவரும் இல்லை. இரண்டு பேருக்குச் சொந்தமான மாடு பட்டினி கிடக்கும் என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

பிரித்தானியாவில் ரயில்களுக்கென்றே தனிப் பொலிஸ் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து மூன்றிலும் ரயில் எங்கே ஓடினாலும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு, செலவில் பெரும்பகுதியை ரயில் நிறுவனங்கள் ஏற்கின்றன. அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரு சின்ன விஷயம். 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு பயணி முறைப்பாடு செய்யலாம். தொந்தரவு செய்பவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது வாய் திறக்காமல் உதவி கேட்க முடிவது பெரிய காரியம்.

சொந்தப் படை இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ரயில் சேவைக்குச் சொந்தப் பொலிஸ் இருக்கிறது. 2009 ஜனவரி 1 அதிகாலையில் ஓக்லண்ட் நிலைய மேடையில் அதன் அதிகாரி ஒருவர், நிராயுதபாணியான கறுப்பின இளைஞர் ஒருவரைத் தரையில் குப்புறக் கிடந்த நிலையில் சுட்டார். அந்த இளைஞர் இறந்தார். 2020இல் அதே சேவை, ஆயுதமில்லாத ஊழியர்களைப் பெட்டிகளுக்குள் நடந்து திரிய வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நான் கேட்பது இந்த இரண்டாவது வகைக் காவலை. சீருடை தெரிய வேண்டும், துப்பாக்கி தேவையில்லை.

ஏனெனில் எங்கள் ரயில்களில் அன்றாடம் நடக்கும் குற்றம் துப்பாக்கியால் தீர்வதல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்களிலும் ரயில்களிலும் பாலியல் தொந்தரவை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 90 வீதம், பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இலேயே இதைக் குற்றமாக்கிவிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை. குறை என்னவென்றால், அந்தச் சட்டத்தை உயிர்ப்பிக்க ஒரு பெண் ரயிலை விட்டு இறங்கி, வேலையையோ வீட்டையோ தள்ளிவைத்து, தெரியாத ஊரில் ஒரு நிலையத்தைத் தேடிப் போய், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்க வேண்டியிருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு முறைப்பாட்டுப் புத்தகத்தின் முன்னால் அந்தத் திருத்தம் எப்போதும் விழித்திருப்பதில்லை.

ஆகவே மலைப்பாதையின் தூர ரயில் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு பேர் முழுத் தூரமும் பயணிக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது சரளமாகத் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். குற்றம் செய்தவரைத் தடுத்துவைத்து அடுத்த பெரிய நிலையத்தில் பொலிஸாரிடம் ஒப்படைக்கவும், ஓடும் ரயிலிலேயே முறைப்பாட்டைப் பாதிக்கப்பட்டவரின் மொழியில் எழுதிக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் தர வேண்டும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் உல்லாசப் பயணிகளை உள்ளே இழுத்து விடுவதும் அவர்களுடைய வேலையாகட்டும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான இந்தப் பாதையில் அதுவும் உயிர் காக்கும் வேலைதான்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். எல்ல பக்கம் போகும் ரயில்களில் முற்பதிவு ஆசனங்களுக்கு உல்லாசப் பயணிகள் போட்டி போடுகிறார்கள். அந்த ஆசனங்களின் கட்டணத்தில் ஒரு சிறு தொகையைக் கூட்டலாம். மூன்றாம் வகுப்புச் சீட்டின் விலையைத் தொடக் கூடாது. தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஏறக்கூடிய கடைசி வாகனம் அது. ஆட்களுக்கும் பஞ்சமில்லை. உயர்தரம் முடித்துவிட்டு இரண்டு மொழியும் பேசிக்கொண்டு, கொழும்பில் கடை வாசலைக் காத்து நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கழிவறையில் தண்ணீரும் பெட்டியில் வெளிச்சமும் ஒழுங்காகத் தர முடியாத திணைக்களமா இதைச் செய்யப்போகிறது என்று நண்பர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆள் சேர்க்கவும் பயிற்சி கொடுக்கவும் வருடங்கள் போகலாம். ஆனால் ரயிலில் நடந்த குற்றத்துக்கான முறைப்பாட்டைப் பயணி இறங்கும் ஊரின் பொலிஸ் நிலையம் ஏற்றே ஆக வேண்டும், எல்லைக் கணக்கைப் பொலிஸார் பிறகு தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவதற்குப் பணமோ ஆட்களோ தேவையில்லை. பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றுநிருபமும், அதை மூன்று மொழியிலும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையும் போதும் என்று நினைக்கிறேன்.