குழந்தைகள் முகாமுக்குச் சுகாதாரச் சான்று: நான் அலைந்த அலைச்சல்

சான்று கைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட்டால், அடுத்த கோடையில் முகாம் நடத்த நினைப்பவர்களுக்காவது உதவும்.

ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மூன்று வருடங்களாக மே மாதத்தில் திருப்பூர், கோவைப் பிள்ளைகள் நாற்பது பேரைப் பத்து நாள் தங்கவைக்கிறோம். இதுவரை யாரும் ஒரு காகிதமும் கேட்டதில்லை. இந்த வருடம் பிள்ளைகளை அனுப்பும் பள்ளி ஒன்று, சுகாதாரச் சான்று இல்லாவிட்டால் பஸ் கிளம்பாது என்று சொல்லிவிட்டது.

விண்ணப்பத்தில் ‘முகாம்’ என்று எழுதியதுதான் நான் செய்த முதல் தவறு. சுகாதார அலுவலக எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பட்டியலில் பள்ளி இருக்கிறது, விடுதி இருக்கிறது, திருமண மண்டபம்கூட இருக்கிறது, முகாம் இல்லை. “பிள்ளைகள் இரவு தங்குகிறார்களா? அப்படியானால் விடுதி. 2014 சட்டப்படி உரிமம் வாங்கிக்கொண்டு வாருங்கள்” என்றார். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தும் சட்டம் அது. அதற்கான அலுவலகத்துக்குப் போனால், உரிமம் வேண்டுமென்றால் முதலில் சுகாதாரச் சான்று கொண்டுவரச் சொல்கிறார்கள். கோழியா முட்டையா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். திரும்பி வந்தபோது கண்காணிப்பாளர் ஒருவர், “தற்காலிகத் தங்குமிடம் என்று எழுதிக் கொடுங்களம்மா” என்றார். அவ்வளவுதான் விஷயம். இந்த இரண்டு சொல்லுக்காக நான்கு நாள் போயிற்று.

அந்த நான்கில் ஒன்று திங்கட்கிழமை. திங்களன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிகள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். திங்களன்று போகாதீர்கள். கட்டணச் செலானை எந்த அரசுக் கணக்குத் தலைப்பில் கட்ட வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி நான் தவறான தலைப்பில் கட்டினேன். அந்தப் பணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சமையலுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவும், சமையல் அக்காவின் மருத்துவச் சான்றும் சிரமமில்லாமல் முடிந்தன.

பிறகு சுகாதார ஆய்வாளர் வந்தார். கூடாரம், சமையலறை, மஞ்சள் அடித்து வைத்திருந்த சுவர் எதையும் அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. “செப்டிக் டேங்க் எங்கே?” என்றார். நானும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழிப்பறை மாமனார் காலத்தில் கட்டியது. அதன்மேல் தேங்காய் உலர்த்தும் களத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டுப் பதினைந்து வருடமாகிறது. தொட்டி எந்தப் பக்கம் என்று தெரியும், மூடி எங்கே என்று தெரியாது.

மேஸ்திரி வந்து கடப்பாரையால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். வேப்பமரத்தடிக்கு வந்ததும் சத்தம் பானையைத் தட்டியதுபோல மாறியது. “அம்மிணி, அகப்பட்டுவிட்டது” என்றார். தளத்தை உடைத்து மூடியைத் தூக்கினால் தொட்டி வாய்வரை சேறு. “ஆளை இறக்கி வழித்துவிட்டால் ஒரு நாள் வேலை” என்று மேஸ்திரி சொன்னதும், அதுவரை மெதுவாகப் பேசிய ஆய்வாளரின் குரல் உயர்ந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். உள்ளே நிற்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இறக்கினால் உங்கள் மேல்தான் வழக்கு வரும் என்றார். மேஸ்திரி கடப்பாரையோடு இரண்டடி பின்வாங்கினார்.

ஆக, கழிவு உறிஞ்சும் லாரி. எங்கள் ஊருக்கு வழக்கமாக வரும் லாரிக்காரர் எடுத்ததைத் தென்னைக்கே ஊற்றிவிட்டுப் போகிறவர். அவரிடம் உரிமமும் இல்லை, ரசீதும் இல்லை. ஆய்வாளர் கேட்பதோ உரிமம் பெற்ற வண்டியின் ரசீதையும், கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கியதற்கான சீட்டையும். நீங்கள் கூப்பிடும்போதே உரிம நகலைக் கேளுங்கள். லாரி போன பிறகு கேட்டால் போனைக்கூட எடுக்கமாட்டார்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆய்வாளர் டேப்பை எடுத்தார். ஒரு முனையைக் கிணற்றுச் சுவரில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு உறிஞ்சுகுழிவரை நடந்தார். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் குழி அது. 47 அடி. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டராவது இருக்க வேண்டுமாம், அதாவது 59 அடி. “பன்னிரண்டு அடிதானே சார், முப்பது வருடமாகக் குடிக்கிறோம்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார். அன்று இரவு அவரைத் திட்டாத திட்டில்லை.

தண்ணீர் மாதிரியிலும் ஓர் அலைச்சல். கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலைக் கழுவி நிரப்பிக் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன், தொடவே இல்லை. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் நுண்ணுயிர் நீக்கிய பாட்டில்தான் வேண்டும். குழாய் வாயைத் தீயில் காட்டி, சிறிது நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். அடுத்த முறை அப்படியே செய்தேன். நான்காம் நாள் முடிவு வந்தது: கோலிபார்ம் இருக்கிறது, அதாவது கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கிருமி. குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முப்பது வருடம் குடித்த தண்ணீர். உறிஞ்சுகுழியால் வந்ததா, கிணற்றுக்குள் கூடு கட்டியிருக்கும் புறாக்களால் வந்ததா என்று காகிதத்தில் இல்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் மூன்று கோடை குடித்தார்கள் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. ஆய்வாளரைத் திட்டியதை மனதுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எழுத்தரைத் திட்டியது அப்படியே இருக்கிறது.

தோப்பின் சரிவுப் பக்கம் புதிய உறிஞ்சுகுழி தோண்டினோம். முதலில் தோண்டிய இடத்தில் நாலடியிலேயே சுக்கான் பாறை. ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலைவரை அப்படியே நின்றது. இடம் மாற்றினோம். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து கம்பி வலை போட்டோம். மேல்நிலைத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும்.

மறு ஆய்வுக்கு வந்தவர் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சிறு குப்பியில் இரண்டு சொட்டு மருந்து விட்டார். வெளிர் மஞ்சள் படர்ந்தது, தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மஞ்சளைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், மகள் பத்தாம் வகுப்பில் தேறியபோதுகூட வரவில்லை. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை இல்லை என்று அப்போதும் ஒரு குறை கண்டுபிடித்தார். அவர் கண்ணெதிரிலேயே மாமா பழைய வலையை வெட்டிக் கட்டினார். தோப்பில் கிடந்த கொட்டாங்குச்சிகளை நான் முந்தின நாளே பொறுக்கிவிட்டிருந்தேன், அதில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது மாதிரியில் கிருமி இல்லை. முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சான்று வந்தது. ‘பயன்பாடு’ என்ற இடத்தில் ‘விடுதி’ என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். திருத்தக் கேட்டால் மறுபடியும் அதே எழுத்தர். பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.