கதவு ரப்பர் கிரீச் சத்தம்: இதுவரைக்கும் செஞ்சது

சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்குற சிஓஇ உரிமம் முடிஞ்சு இன்னொரு 5 வருஷத்துக்கு ரினியூ பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கிற கார், அதனால கொஞ்சம் முனகத்தான் செய்யும்னு விட்டுட்டேன். ஆனா இந்தச் சத்தம் ஒரு மாதிரி, பிஐஈ எக்ஸ்பிரஸ்வேல நேரா போனா கப்சிப்புனு இருக்கும், எங்க பிளாக் மல்டிஸ்டோரி கார்பார்க் ரேம்ப்புல வளைஞ்சு ஏறுறப்ப மட்டும் இடது பக்கம் கிரீச் கிரீச்னு கத்தும். பக்கத்து சீட்ல உக்கார்ற வீட்டம்மா டேஷ்போர்டுதான்னு அடிச்சுச் சொல்றாங்க, காட்டுன ஒர்க்‌ஷாப்லயும் டேஷ்போர்ட கழட்டிப் பாக்கணும்னாங்க. பழைய கார்ல பிளாஸ்டிக் கிளிப் ஒண்ணு ஒடஞ்சா அதுவே புதுசா நாலு சத்தம் போடும், வேணாம்னு வந்துட்டேன்.

ரேம்ப்ல மட்டும் வருதுன்னா பாடி லேசா முறுக்குது, கதவு அதோட ஃபிரேம்ல கொஞ்சம் நகருது, காஞ்ச ரப்பர் பெயின்ட்ட ஒட்டிப் பிடிச்சு பிடிச்சு விடுதுன்னு அர்த்தம், அந்தப் பிடிச்சு விடுறதுதான் சத்தம். இதை உறுதி பண்ண பெயின்டர் டேப்ப கதவு ரப்பர் வந்து அழுந்துற எடத்துல ஃபிரேம் சுத்தி ஒட்டிட்டு அதே ரேம்ப்ல ஏறிப் பாத்தேன். சத்தம் இல்ல! டேஷ்போர்டு பாவம்.

அப்புறம் சோப்புத் தண்ணில துணிய நனைச்சு ரப்பர்ல தொடச்சா துணி கரி சட்டி தொடச்ச மாதிரி வருது. மடிப்புக்குள்ள விரல விட்டுத் தொடைக்கணும், அங்கதான் மணலும் பிசுக்கும் நிக்குது. நல்லா காய விட்டு சிலிக்கான் கிரீஸ ஸ்பாஞ்சுல பட்டாணி அளவு எடுத்து மெலிசா தேச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு மிச்சத்த தொடச்சு எடுத்தேன். வழவழன்னு விட்டா அழுக்கு ஒட்டும், சட்டையிலயும் படும். வெளுத்துப்போயிருந்த ரப்பர் கன்னங்கரேல்னு ஆயிருச்சு, கதவு மூடுற சத்தமே மாறிருச்சு, முன்னாடி டப்புனு இருந்தது இப்ப தொப்புனு அமுங்குது.

தேங்கா எண்ணெ, வாஸ்லின், சாதா கிரீஸ் எதையும் தடவாதீங்க. கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பர், எண்ணெ வகை பட்டா ஊறி உப்பிரும். சிலிக்கான் ஸ்பிரேன்னா நேரா அடிக்காம துணில அடிச்சுத் தேய்ங்க, விண்ட்ஸ்கிரீன்ல பட்டா மழைல வைப்பர் போடுறப்ப மங்கலா இழுக்கும், நம்ம ஊர் மழைக்கு அது விளையாட்டில்ல. பெயின்ட் அடிக்கப் போற எடத்துக்குக் கிட்டயும் வேணாம், புது பெயின்ட் ஒட்டாம குழி குழியா விழும்.

கண்ணாடிய பாதி இறக்குனா லடலடன்னு ஆடுறது மட்டும் இன்னும் போகல. கண்ணாடி ஓடுற சேனல்ல சிலிக்கான் போட்டதும் ஏத்தி இறக்குறது சல்லுனு ஆச்சு, ஆட்டம் அப்படியே இருக்கு, உள்ள இருக்குற வெல்வெட் மாதிரி சமாச்சாரம் தேஞ்சிருச்சு. தேஞ்சதுக்கு கிரீஸ் போட்டு என்ன பண்ண, சேனல் ரப்பரத்தான் மாத்தணும், பழைய மாடலுக்கு எவ்வளவு சொல்றாங்கன்னு கேட்டு வச்சிருக்கேன். பின்னாடி சாமான் வைக்கிற பூட்லயும் ஒரு தட்டுற சத்தம் இருந்துச்சு, மூடியோட ரெண்டு ஓரத்துலயும் இருக்குற ரப்பர் குமிழ கொஞ்சம் வெளிய திருகி விட்டேன், அவ்வளவுதான் வேல, நின்னுருச்சு.