கினபாத்தாங்கான் கரையில்

ஏப்ரல் 12, 2025, சனி. சுக்காவ் (மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாத்தாங்கான் ஆற்றங்கரைக் கிராமம்)

சண்டக்கான் நகரிலிருந்து வேன் ஏறியதும் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. இரண்டு மணி நேரம் கழித்தும் செம்பனைதான். "காடு எங்கேண்ணா?" என்று தங்கை கேட்டுக்கொண்டே வந்தாள். நாங்கள் பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அப்பா குலை வெட்டிய காசில்தான் படித்தோம். அந்த மரத்தை வெறுக்க என்னால் முடியாது.

மாலை நாலு மணிக்குப் படகு. வழிகாட்டி ஓராங் சுங்கை இனத்தவர், இந்தக் கரையிலேயே பிறந்தவர். 'அபாங்' (மலாயில் அண்ணன்) என்றே கூப்பிட்டோம். மெனங்குல் கிளையாற்றுக்குள் திரும்பி மோட்டாரை அணைத்தார். தலைக்கு மேலே தும்பிக்கைக் குரங்குகள்! கடுவனின் மூக்கு வாயை மறைத்துத் தொங்குகிறது. வயிறு பானைபோல. தின்ற இலை அந்த வயிற்றுக்குள் நொதித்துத்தான் செரிக்குமாம். இரவு தூங்க ஆற்றோர மரங்களுக்கு வந்துவிடும் என்றார் அபாங். தண்ணீர்ப் பக்கமிருந்து படைச்சிறுத்தை வர முடியாதல்லவா? குட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் கிளையிலிருந்து எதிர்க்கரைக்குத் தாவியது. தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடியலில் பனிமூட்டம். கொம்பு இருவாச்சி ஜோடி ஒன்று தலைக்கு மேலே கடந்தது. சிறகடிக்கும் ஓசை பறவைக்கு முன்பே வந்துவிடுகிறது. போர்னியோவின் எட்டு இருவாச்சி வகைகளும் இந்த ஆற்றோரம் உண்டு. நாங்கள் பார்த்தவை மூன்று.

பிறகு ஒராங் ஊத்தான் கூடுகள். ஒவ்வொரு இரவும் புதிதாகக் கிளை மடக்கிக் கட்டுமாம். இலை பச்சையாக இருந்தால் நேற்றையது, பழுத்திருந்தால் பழையது. பச்சைக் கூடு ஒன்றுக்குச் சற்றுத் தள்ளி அத்திமரத்தில் தாயும் குட்டியும். அரை மணி நேரம் அங்கேயே கிடந்தோம். குட்டி ஆறேழு வயதுவரை தாயோடுதான். அடுத்த குட்டிக்கு அவ்வளவு காலம் ஆகும். அதனால் ஒரு தாய் போனால் அந்த இழப்பை ஈடுகட்டுவது எளிதல்ல.

கிளையாற்றின் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. ஒராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பு இரு கரை மரங்களும் மேலே கைகோத்திருந்தன. பெருமரங்களை வெட்டியபின் வழி அறுந்தது. ஹுத்தான் என்ற அமைப்பு இங்கே இப்படிக் கயிற்றுப் பாலம் கட்டத் தொடங்கியது 2003-இல். ஒராங் ஊத்தான் ஒன்று கடப்பதைப் படமெடுக்க 2010 ஆகிவிட்டது. அத்தனை வருடம் பொறுத்திருந்தவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

மாலையில் யானைக் கூட்டம் கரையில் புல் தின்றது. போர்னியோ யானை, நம் தீபகற்பத்து யானையைவிடச் சிறியது. மொத்தமே ஆயிரம் அளவில்தான் மிச்சம் என்கிறார்கள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஆனால் அபாங் சொன்னது நெஞ்சில் தங்கிவிட்டது: கூட்டத்துக்குப் பின்னால் சற்றுத் தூரத்திலேயே தோட்டத்து மின்வேலி. இந்த விலங்குகள் எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவது காடு செழித்திருப்பதால் மட்டுமல்ல. ஒதுங்க வேறு இடம் இல்லாததாலும்தான். 2005-இல் அறிவித்த சரணாலயம் ஏறத்தாழ 26,000 ஹெக்டர், அதுவும் பத்துத் துண்டுகளாக. நடுவே தோட்டங்கள், கிராமங்கள், சாலை. செம்பனையை வேரோடு பிடுங்கச் சொல்லவில்லை நான். ஆற்றங்கரையை மட்டும் விட்டுக்கொடுத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும், யானை நடக்கும்.

இரவுப் படகில் மீன் ஆந்தை, தூங்கும் மீன்கொத்தி, டார்ச் வெளிச்சத்தில் முதலைக் கண்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். அம்மாவுக்குப் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு கோமந்தோங் குகைக்குப் போனோம். வௌவால் எச்சத்தின் நெடி, கரப்பான் மொய்க்கும் கைப்பிடி. பிரம்பு ஏணியில் அந்த உயரத்துக்கு ஏறி சூப் வைக்க உதவும் உழவாரன் குருவிக் கூட்டை எடுப்பவர்களின் துணிவு பெரிது.

திரும்பும் வழியில் ஆற்றோரத்தில் கிராமத்துப் பெண்கள் மரக்கன்றுகளைச் சுற்றிக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் சில வருடம் விட்டால் புல்லும் கொடியும் கன்றை மூடிவிடுமாம்.

போக நினைப்பவர்களுக்கு: மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபருக்குள் போங்கள். முடிந்தால் கிராமத்து வீடுகளில் தங்குங்கள், காசு ஊர்க்காரர்களுக்குப் போகும். யானை தண்ணீரில் இறங்கினால், இன்னும் கிட்டே போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள்.