கோதோமிலியா, கொத்தமல்லியா

“சந்தையில ஏது தம்பி சத்தமில்லாத காலை?”

அண்ணா கேட்டது இவ்வளவுதான். ரவான் என்கிற தோல் பறையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார். நாங்கள் பேசியது மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோலில். இங்கே தமிழில் சொல்கிறேன். நான் கொடுத்த பதில் எதுகையைப் பற்றியது. அது பதிலே இல்லை என்று அப்போதே தெரிந்ததா, வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாட்டு, ஃப்ளாக் ஞாயிற்றுச் சந்தையில் கீரை விற்கும் ஒரு தாந்தீனைப் பற்றியது (தாந்தீன் என்றால் அத்தை, சித்தி மாதிரி ஒரு அழைப்பு). ஏப்ரல் புத்தாண்டு விழாவுக்குத் தமிழில் ஒரு செகா, இந்தத் தீவின் ஆட்டப்பாட்டு, வேண்டும் என்றார்கள். தாளம் அண்ணா பொறுப்பு, சொல் என் பொறுப்பு. இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கட்டும்போது ஒரே இடத்துக்குச் சேர்ந்து போக வேண்டும், ஆனால் சேர்ந்து நிற்கக் கூடாது. அவர் மீன் பக்கம் நிற்பார், நான் கீரைப் பக்கம். அரை மணி நேரம் கழித்து இருவரும் எடுத்ததைக் கொட்டிப் பார்ப்போம்.

எடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சத்தம், ஒரு கைவேலை, திரும்பத் திரும்ப வாயில் வரும் ஒரு சொல். மூன்றும் ஒரே ஆளிடம் கிடைத்தால் பாட்டு நிற்கும். கூவல் மட்டும் கிடைத்தால் பல்லவியோடு வற்றிவிடும். சரணத்துக்குக் கைவேலைதான் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் ஜன்னலுக்குப் பலகை அடிக்கும் வீட்டில் சத்தமும் கையும் உண்டு, ஆனால் அடிப்பவர் வாயில் ஆணி இருப்பதால் சொல் இல்லை. அந்தப் பாட்டு இன்னும் நோட்டிலேயே கிடக்கிறது.

தாந்தீனிடம் மூன்றும் இருந்தன. தகர டப்பாவில் விரலை நனைத்துக் கட்டின்மேல் மூன்று முறை உதறுவார். மூன்றாவது உதறலில் பாதித் தண்ணீர் அவர் செருப்பில்தான் விழும். உதறி முடித்ததும் கூவல்: “ஃப்ரே, ஃப்ரே, கோதோமிலி!” ஃப்ரே என்றால் புதுசு.

ஊருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். மொரீஷியஸ் கிரியோலில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தால் தமிழ் உதிரும். கோதோமிலி நம் கொத்தமல்லி. கரிபுலே நம் கறிவேப்பிலை. பிபங்காய் பீர்க்கங்காய். ப்ரெத் முரும் என்றால் முருங்கைக்கீரை (ப்ரெத் கீரை, ரொட்டியைத் தேடி யாரும் ஏமாற வேண்டாம்). புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் பிரெஞ்சுக்காரர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வந்துவிட்டார்கள். கரும்புக்கு ஒப்பந்தக் கூலிகளின் பெரிய வரவு 1834இல் தொடங்கியது. பேச்சில் தமிழ் தேய்ந்த பிறகும் குழம்புச் சட்டியில் அது தங்கிவிட்டது. சீனர், முஸ்லிம், கிரியோல் இனத்தவர் என்று யார் வந்தாலும் கேட்பது கோதோமிலிதான்.

சந்தையிலிருந்து திரும்பி, என் நோட்டையும் அண்ணாவின் போனில் இருந்த பதிவையும் ஒப்பிட்டோம். கேட்டதைக் கேட்டபடி எழுது, திருத்தாதே என்பது எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம். என் நோட்டில் ‘கொத்தமல்லி’ என்று இருந்தது. போனில் நான்கு இடத்திலும் தெளிவாக ‘கோதோமிலி’. கை பொய் சொல்லவில்லை; காதே திருத்திக் கொடுத்திருக்கிறது. தமிழ் வாத்தியார் காது.

சண்டை அங்கே தொடங்கவில்லை, தாளத்தில்தான் தொடங்கியது. செகாவின் ஒரு சுற்று ஆறு மாத்திரை. காவடிச்சிந்தின் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் நடை, பழகிய காதுக்கு அது அந்நியம் இல்லை. அதனால்தான் தமிழ் வரி செகாவில் சுலபமாக உட்காருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதை போட்ட மராவான் என்கிற கிலுக்கு ஆறையும் சீராக உதிர்த்துக்கொண்டே போகும். ரவானோ அதே ஆறை ஒருமுறை மும்மூன்றாகப் பிரிக்கும், அடுத்த முறை இரண்டிரண்டாகப் பிரிக்கும். ஆடுகிறவர்களின் இடுப்பு இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் அசைகிறது. 

இப்போது சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘கொத்த மல்லி’ தந்த தந்த: மூன்றும் மூன்றும். ‘கோதோமிலி’ தானா தன: இரண்டு, இரண்டு, கடைசி இரண்டு குறில் சேர்ந்து இன்னொரு இரண்டு. இரண்டுமே ஆறுதான், தாளம் தப்பாது. ஆனால் முதலாவதில் சொல் மராவானோடு சாதுவாக நடக்கிறது. இரண்டாவதில் ரவானோடு மல்லுக்கு நிற்கிறது. அண்ணாவுக்கு வேண்டியது அந்த மல்லு. “இது அடிமையா வந்தவங்க அடிச்ச அடி. அவங்க தாளத்தை நம்ம சொல்லுக்கு மடக்கணுமா?” என்றார். செகா 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து எல்லோரும் இப்படிப் பேசுகிறார்கள் என்று நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாட்டு என்று மேடையில் அறிவித்துவிட்டு, பாடுகிற பிள்ளைகள் வீட்டில் ஏற்கெனவே பேசுகிற சொல்லையே கொடுத்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரத் தமிழ். ஒரு பாட்டு ஒரு சொல்லை நாக்கில் ஏற்றினால் ஒரு மாதப் பாடத்துக்குச் சமம். இதை இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் அன்றைக்கு என்னைப் பிடிவாதம் பிடிக்க வைத்தது இது இல்லை. முதல் வரி ‘கொத்தமல்லிக் கட்டெடுத்து’, இரண்டாம் வரி ‘சத்தமில்லாக் காலையிலே’. கொத்த, சத்த, மல்லி, மில்லா. எதுகை இப்படித் தானாக வந்து விழுந்தால் எழுதுகிறவனுக்குக் கை நடுங்கும். அதற்காகத்தான் சொல்லை விட மனம் வரவில்லை. அதற்காகத்தான் காலை ஆறரை மணிச் சந்தையை, லாரியும் கூவலும் தராசுத் தட்டும் இடிக்கிற இடத்தை, ஊமையாக்கினேன். அண்ணா கேட்டது அதைத்தான். “எதுகை அமைஞ்சிருக்குண்ணா” என்றேன். அவர் ரவானை ஒருமுறை தட்டிவிட்டு, “எங்க பாட்டி கடைசி வரைக்கும் கோதோமிலின்னுதான் சொன்னா” என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு வாதாடவில்லை. வாதாடியிருந்தால் ஒருவேளை நான் தோற்றிருப்பேன், இதையும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பதிவு நாளில் சொல் வேறு விதமாகப் பழிவாங்கியது. கோரஸுக்கு ஐந்து பெண்கள். ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் பாட வைக்க வேண்டும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: கோரஸ் வரியில் ழகரம் வைக்கக் கூடாது, நீட்டும் இடம் உகரத்தில் முடியக் கூடாது, ஆறு அசைக்கு மேல் போகக் கூடாது. மூன்றையும் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். மறந்தது இரட்டை ஒற்று. கிரியோல் நாக்கு த்த, ல்ல என்று நின்று அழுத்தாது. ‘கொதமலி’ என்றார்கள். நாக்கைப் பல்லில் நிறுத்து, எண்ணு, விடு என்று நாற்பது நிமிடம் பயிற்சி கொடுத்தேன். அதற்குள் தகரம் ஒன்று வந்தால் லகரம் ஒன்று போகும். கொத்தமல்லி எப்படிக் கோதோமிலி ஆயிருக்கும் என்று புத்தகத்தில் தேடவே வேண்டாம். பல தலைமுறையில் நடந்த தேய்மானம் அந்தக் கண்ணாடி அறைக்குள் என் கண் முன்னே நடந்தது. நான் அதை எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்பது நிமிடத்தில் ரவானின் சுருதி இறங்கிவிட்டது. ஆட்டுத்தோல், மார்ச் மாத ஈரக்காற்றில் தளரும். வெளியே என்றால் சருகு மூட்டிக் காய்ச்சலாம். உள்ளே ஹேர் டிரையர்தான், அதுவும் ஒரு சாண் தள்ளி; நெருக்கிப் பிடித்தால் விளிம்பில் தோல் வெடிக்கும். புறங்கையை வைத்துப் பார்த்து, திம் என்ற சத்தம் திரும்பியதும் அண்ணா தலையசைப்பார். ஆனால் காய்ச்சிய பிறகு சுருதி பழைய இடத்துக்கு அப்படியே வராது. முதல் பாதியையும் பிந்திய பாதியையும் ஒட்டினால் ஒட்டு தெரியும். ஆகவே முதலிலிருந்து மறுபடியும். இரண்டு ரவான் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் காய்ச்சுவதுதான் ஒழுங்கு. நாங்கள் ஒன்றுதான் கொண்டுபோயிருந்தோம்.

விழாவில் பாட்டு எடுபட்டது. யாரும் குறை சொல்லவில்லை, எதுகையைப் பாராட்டினவர்கள்கூட உண்டு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தாந்தீனுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டார். நல்லாயிருக்கு என்றார். விரலை டப்பாவில் நனைத்துக்கொண்டே, “அதுல வர்ற பொம்பளை என்ன விக்கிறா?” என்று கேட்டார். சொன்னேன். “ஆ, கோதோமிலி” என்று உதறினார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் கேட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டும் பார்த்தேன்.

இரண்டாம் சரணத்தில் ‘பீர்க்கங்காய்’ வருகிறது. பீர்க், கங், காய்: இரண்டு, இரண்டு, இரண்டு. கிரியோல் பிபங்காயில் ஐந்து மாத்திரைதான், ஒன்று குறையும். ஆக இங்கே தமிழ்ச் சொல்தான் அண்ணா கேட்ட கணக்கில் நிற்கிறது. நான் திட்டமிட்டு வைத்ததில்லை, வரி அப்படி அமைந்தது. மேடையில் அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் அவர் ரவானை ஓங்கி அடிக்கிறார்.