புலியூர்க்குறிச்சிப் பாறைத் தண்ணீர்

அம்மாவின் நேர்ச்சை ஒன்று பாக்கியிருந்தது. கால்வலியால் அவளால் வர முடியாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பாறசாலையிலிருந்து விடியுமுன் காரை எடுத்தேன். "புனித தேவசகாயம் இடங்களை எல்லாம் இன்னைக்கே முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் ஜெபமாலையைக் கையில் திணித்தாள்.

களியக்காவிளை தாண்டும்போதே ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். தக்கலை நெரிசலில் ஜெபமாலையின் நான்காவது பத்து மணிகளில் இருக்கிறேனா, ஐந்தாவதிலா என்று தெரியவில்லை. நடுவில் ஒரு லாரிக்காரரைத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. நாக்கு அதுபாட்டுக்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தது.

ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் காற்று ஆளையே தள்ளியது. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் அது. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். பழைய பெயர் நீலகண்டன். மாடும் பயிரும் அழிந்து நொந்திருந்தவருக்கு, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், எல்லாம் இழந்தும் கடவுளை விடாமல் கடைசியில் திரும்பப் பெற்ற பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். மாடு திரும்பக் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கிடைத்தது விலங்கும், எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்த ஊர்வலமும்தான்.

அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய கோயில், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கிளை பிரிந்திருந்தது. பலிபீடம் ஒன்றுதான். நடுத்தடுப்பு போக இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சாதி பாராமல் பழகியதற்காகவே பகையைச் சம்பாதித்தவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது! அத்தனை வருடமும் பூசைக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை ரோம் விட்டுவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சுகளில் அது இன்னும் விடுபடவில்லை. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திரும்பும் வழியில் கோட்டாறு பேராலயம். தேவசகாயத்தின் கல்லறையில் கைக்குட்டையை வைத்து எடுத்தேன், ஒரு படம். ஐந்து நிமிடம்.

புலியூர்க்குறிச்சி வந்தபோது நல்ல வெயில். விலங்கோடு தாகத்தில் தவித்தவர் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் ஊறியதாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை இங்கேதான். குழி சின்னதுதான். அதன் பக்கத்தில் ஒரு பாட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி வெளியே சிந்தியது. வாய் ஓயவில்லை. ஜெபம் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"நான் அவள மன்னிச்சாச்சு. அவளுக்குத்தான் இன்னும் மனசு வரல்ல. நான் சொன்னா கேக்கமாட்டா, நீரே போய்ச் சொல்லும். போன வாரமும் இதத்தான சொன்னேன், உமக்குக் காது கேக்காதா?"

என்னைப் பார்த்ததும் வெட்கப்படவில்லை, நகர்ந்து இடம் விட்டார். அம்மாவுக்கு, அக்காவுக்கு, மாடி வீட்டுக்காரர்களுக்கு என்று மூன்று பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்கினேன். மணி பார்த்தேன். நட்டாலம் ஒன்றுதான் மிச்சம்.

"நீ குடிச்சியா மக்களே?" என்றார் பாட்டி.

இல்லை. அவர் சிரட்டையை நீட்டினார். தண்ணீரில் லேசாகப் பாசி வாசம் இருந்தது.